போனில் உங்கள் குரல் கேட்கிறதா? லேண்ட்லைன் குறுக்கீட்டைக் குறைக்க ஹாம்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) லைசென்ஸ் வாங்கி, ரிக் (பேசவும் கேட்கவும் உதவும் ரேடியோ பெட்டி) வாங்கி, இரண்டு தென்னைக்கு நடுவே டைபோல் (நடுவில் கேபிள் இணைக்கும் கம்பி ஆன்டெனா) கட்டி முதல் முறை 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் பக்கமுள்ள அலைவரிசைகள்) கூப்பிட்ட அன்றே வீட்டு போனில் ஏதோ வாத்து கத்துவதுபோல் கேட்கிறது என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். உடனே புதிதாக வந்தவர்கள் செய்வது கையில் கிடைத்த ஃபெரைட் கிளிப்பை (வயரில் ஓடும் ரேடியோ சக்தியைத் தடுக்கும் கவ்வி) எல்லா வயரிலும் மாட்டுவது, அல்லது எர்த் குழி தோண்ட ஆள் கூப்பிடுவது. இரண்டிலும் காசு போகும், சத்தம் போகாது. இந்த வேலையில் எதை முதலில் செய்கிறோம் என்பதுதான் முக்கியம். சத்தம் எந்த வயர் வழியாக உள்ளே வருகிறது என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள், நடுவில் தாண்டாதீர்கள்.

1. தொல்லை எந்தத் திசையில் என்று பிரியுங்கள்

போனும் ரேடியோவும் மோதுவது இரண்டு விதம். நீங்கள் டிரான்ஸ்மிட் செய்யும்போது போன் கெடுவது ஒன்று. நீங்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது மோடமோ, அதன் அடாப்டரோ உங்கள் ரேடியோ ரிசீவரில் இரைச்சல் போடுவது இன்னொன்று. இரண்டுக்கும் மருந்து வேறு. இரண்டும் சேர்ந்து இருந்தால் முதலாவதை முடித்துவிட்டு அப்புறம் இரண்டாவதற்கு வாருங்கள், 2 முதல் 8 வரை முதலாவதற்கு, 9 இரண்டாவதற்கு.

முதல் வகை ஏன் நடக்கிறது என்று ஒரு வரியில் புரிந்துகொண்டால் பாக்கி எல்லாம் தானாக விளங்கும். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் வயரும் வீட்டுக்குள் ஓடும் வயரும் சேர்ந்து ஒரு ஆன்டெனா. 7.1 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் சுமார் 20 மீட்டர், நம் கன்னியாகுமரி மாவட்டத்து விளைகளில் (தென்னந்தோப்புகளில்) ரோட்டோர கம்பத்திலிருந்து வீட்டு நடைக்கு வரும் தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த நீளக் கம்பி பிடித்த ரேடியோ சக்தி போனுக்குள் இருக்கும் டயோடு, ஐசி இவற்றில் போய் விழுகிறது. அவை அதை ரெக்டிஃபை செய்து (ஒரே திசை மின்சாரமாக்கி), ஒலியாக்கி, போன் ரிசீவரில் கொடுத்துவிடுகின்றன. உங்கள் ரிக்கில் கோளாறு எதுவும் இல்லாமலே இது நடக்கும்.

அதனால்தான் லோ-பாஸ் ஃபில்டர் வாங்கி ரிக்கின் பின்னால் மாட்டுவது இங்கே உதவாது. அது உங்கள் சிக்னலின் ஹார்மோனிக்குகளை (அசல் அலைவரிசையின் இரண்டு, மூன்று மடங்கில் வருபவை) தடுக்கும். போனைக் கெடுப்பது ஹார்மோனிக் இல்லை, நீங்கள் அனுப்பும் அசல் அலைவரிசையே.

2. கையில் இருக்க வேண்டியவை

நீளமான பட்டியல் தேவையில்லை. எலெக்ட்ரானிக்ஸ் அதிகம் இல்லாத, வயர் உள்ள பழைய போன் ஒன்று வேண்டும், டயல் சுற்றும் போன் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு முனையிலும் ஆர்ஜே11 பிளக் (சாதாரண போன் பிளக்) உள்ள ஓரடி வயர், ஒரு டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டர்), பேட்டரியில் ஓடும் சிறிய ஷார்ட்வேவ் ரேடியோ, ஸ்க்ரூ டிரைவர், ஒரு நோட்டு. கூடவே ஒரு ஆள். நீங்கள் பேசும்போது போனைக் காதில் வைத்துக் கேட்க இன்னொருவர் இல்லாமல் இந்த வேலை நடக்காது, இரண்டையும் ஒருவரே செய்யப் பார்த்தால் ரேடியோ அறைக்கும் ஹாலுக்கும் ஓடியே பொழுது போய்விடும்.

நோட்டு எதற்கு? எந்த பேண்ட், எத்தனை வாட், எந்த போன், சத்தம் எவ்வளவு என்று எழுதாவிட்டால் மூன்றாவது மாற்றத்துக்குப் பிறகு எது பலன் தந்தது என்று உங்களுக்கே தெரியாது. சத்தத்துக்கு 0 முதல் 5 வரை மார்க் போடச் சொல்லுங்கள், போதும்.

ஒரு எச்சரிக்கை. லேண்ட்லைனில் சும்மா இருக்கும்போது சுமார் 48 வோல்ட் டிசி இருக்கும், அது பெரிதாகத் தெரியாது. ஆனால் மணி அடிக்கும்போது 75 வோல்ட்டை ஒட்டிய ஏசி வரும், ரோசெட்டில் (சுவரில் உள்ள போன் சாக்கெட்) விரல் வைத்திருந்தால் நன்றாகவே உதறும். லைன்மேன்கள் செய்வதுபோல, வேலை முடியும்வரை ஒரு போனின் ரிசீவரை எடுத்து வைத்துவிடுங்கள், மணி வராது, வோல்ட்டேஜும் இறங்கிவிடும். இடி இருந்தால் இந்த வேலையே வேண்டாம். நம் மாவட்டத்தில் சித்திரை மழைக்கும் ஐப்பசி மழைக்கும் இடி மதியத்துக்கு மேல்தான் கூடுதலாக வரும், ஆகவே காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. முதலில் உங்கள் ஸ்டேஷன், பிறகுதான் போன்

டம்மி லோடை மாட்டி வழக்கமான பவரில் பேசுங்கள். அப்போதும் போனில் கேட்டால் சக்தி ஆன்டெனாவிலிருந்து போகவில்லை. ரிக், பவர் சப்ளை, மின்சார வயர் வழியாகக் கசிகிறது. கோஆக்ஸ் (ரிக்கையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கேபிள்) கனெக்டரின் சால்டரைப் பாருங்கள், பவர் சப்ளை வயரில் ஃபெரைட் போடுங்கள். டம்மி லோடில் போன் அமைதியாக இருந்தால், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், பிரச்சினை ஆன்டெனா பக்கம்.

ஆன்டெனா பக்கம் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, கோஆக்ஸின் வெளிச்சுற்றில் ஓடிவரும் காமன் மோட் கரண்ட், அதாவது ஒரே திசையில் ஓடும் வேண்டாத ரேடியோ கரண்ட். டைபோலின் நடுவில் சோக் (அந்தக் கரண்டை மறிக்கும் சுருள்) இல்லாமல் கோஆக்ஸை நேரே மாட்டினால், அந்த கோஆக்ஸே ஆன்டெனாவின் மூன்றாவது கையாகி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து எல்லா வயருக்கும் சக்தியைப் பரிமாறும். எண்ட்-ஃபெட் (ஒரு முனையில் கேபிள் மாட்டும் ஆன்டெனா) போட்டிருப்பவர்களுக்கு இது இன்னும் மோசம், அதில் கவுன்டர்பாய்ஸ் (எதிர்க் கரண்டுக்கான துணைக் கம்பி) தராவிட்டால் கோஆக்ஸே அந்த வேலையைச் செய்யும். ஃபீட் பாயிண்டில் (கோஆக்ஸ் ஆன்டெனாவோடு சேரும் இடம்) ஒரு சோக் பலுன், வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இன்னொரு சோக். இதைச் செய்ததுமே பாதிப் பேருக்கு போன் பிரச்சினை ஒழிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன், போனைத் தொடவே வேண்டியிருக்காது.

இரண்டாவது, இடம். டைபோலின் முனைகளில்தான் வோல்ட்டேஜ் அதிகம். அந்த முனை டிராப் வயருக்குப் பக்கத்தில் போனால் வம்பை விலைக்கு வாங்கியதாகும். தென்னை எங்கே நிற்கிறதோ அங்கேதான் கட்ட முடியும் என்பது சரி, ஆனால் எந்த இரண்டு தென்னை என்பது உங்கள் கையில். டிராப் வயருக்கு இணையாக ஓடாமல் குறுக்காகப் போகும்படி கட்டுங்கள், முடிந்த அளவு உயரமாக, வீட்டிலிருந்து தள்ளி.

எர்த் பற்றி ஒரு வார்த்தை. கரியும் உப்பும் போட்டு குழி எடுத்தால் குறுக்கீடு போய்விடும் என்று எல்லோரும் சொல்வார்கள். மின்னலுக்கும் மின்சாரப் பாதுகாப்புக்கும் எர்த் அவசியம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மாடி அறையிலிருந்து கீழே குழிக்கு 10 மீட்டர் வயர் போனால் அது 40 மீட்டரில் கால் அலை நீளம், அதாவது ரேடியோ அலைக்கு மேல் முனையில் எர்த்தே இல்லாததுபோல. அந்த வயரே இன்னொரு ஆன்டெனாவாகவும் ஆகிவிடும்.

4. எல்லா போனையும் கழற்றுங்கள், ஒன்றை மட்டும் வாசலில் மாட்டுங்கள்

இந்த ஒரு படியைத்தான் எல்லோரும் தாண்டுகிறார்கள். வீட்டில் உள்ள எல்லாவற்றையும் கழற்றுங்கள்: போன், எக்ஸ்டென்ஷன், மோடம், ஸ்பிளிட்டர், காலர் ஐடி பெட்டி, ஃபேக்ஸ். மாடியில் மாமா இருந்தபோது போட்ட பழைய எக்ஸ்டென்ஷன் ஒன்று கட்டிலுக்குப் பின்னால் இருக்கும், அதையும் தேடி எடுங்கள். உள் வயரிங்கையும் ரோசெட்டில் பிரித்துவிடுங்கள். டிராப் வயர் வீட்டுக்குள் நுழையும் முதல் ரோசெட்டில் அந்தப் பழைய போனை ஓரடி வயரால் மாட்டுங்கள்.

இப்போது சோதனை. அலைவரிசை காலியா என்று கேட்டுவிட்டு, உங்கள் கால்சைனை (லைசென்ஸில் உள்ள அடையாளப் பெயர்) சொல்லி, எஸ்எஸ்பியில் (குரல் அனுப்பும் ஒரு முறை) ஒன்று இரண்டு மூன்று என்று நிதானமாக எண்ணுங்கள். போனில் இருப்பவர் டயல் டோன் போக ஏதாவது ஒரு எண்ணை அழுத்திவிட்டுக் கேட்கட்டும், அந்தச் சில விநாடி அமைதியில் சின்ன சத்தமும் தெரியும். அதைவிட நல்லது, ஒரு மொபைலுக்கு கால் போட்டு மொபைலை மியூட் செய்துவிடுவது.

எஸ்எஸ்பிதான் சோதனைக்குச் சரி. சிடபிள்யூவில் (மோர்ஸ்) டக் டக் என்று மட்டும் கேட்கும். எஃப்எம்மில் குரலே கேட்காது, போனின் சத்தம் அமுங்கும், சில சமயம் ஒரு உறுமல். எஃப்டி8-இல் (கம்ப்யூட்டர் வழியாக அனுப்பும் டிஜிட்டல் முறை) சோதித்துவிட்டு "நம்ம போன் சுத்தம்" என்று நம்புகிறவர்கள் நிறைய. அதன் சிக்னலின் வீச்சு மாறாமல் ஒரே அளவில் இருப்பதால், தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு சின்ன தட்டல் தவிர போனில் ஒன்றும் தெரியாது. மறுநாள் எஸ்எஸ்பியில் பேசினால் பழையபடி வாத்து வந்துவிடும்.

ஒவ்வொரு பேண்டிலும் செய்யுங்கள். 7 மெகாஹெர்ட்ஸில் அலறும் போன் 14-இல் சும்மா இருக்கலாம், வயரின் நீளம்தான் அதைத் தீர்மானிக்கிறது.

முடிவு இரண்டில் ஒன்று. வாசலில் மாட்டிய போனிலேயே கேட்கிறது என்றால் சத்தம் வெளி லைனில் இருந்தோ அந்த போனிலிருந்தோ வருகிறது, படி 5-க்குப் போங்கள். அங்கே அமைதி என்றால் குற்றவாளி உள்ளே, படி 6. உள்ளே போகும்போது ஒவ்வொன்றாகத் திருப்பி மாட்டுங்கள்: முதலில் வயரிங் மட்டும், பிறகு ஒரு போன், அடுத்த போன், கடைசியில் மோடம். எதை மாட்டியதும் சத்தம் திரும்புகிறதோ அதில் நில்லுங்கள்.

5. வெளி லைன்: துரு, உப்பு, பழைய இணைப்பு

நம் மாவட்டத்தில் இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் போகும். முட்டம், குளச்சல், மணக்குடி, சின்னமுட்டம் என்று கடலோரம் எங்கே போனாலும் உப்புக்காற்று செம்பைப் பச்சையாக்கிவிடும். அப்படிப் பச்சை பிடித்த இணைப்பு ஒரு மோசமான டயோடு மாதிரி நடந்துகொள்ளும். அதாவது ரெக்டிஃபிகேஷன் போனுக்குள் நடக்கவே வேண்டாம், கம்பத்திலேயே நடந்து, ஒலியாக மாறிய பிறகே லைன் வழியாக உள்ளே வரும். அப்படி வந்துவிட்ட ஒலியை எந்த ஃபெரைட்டாலும் நிறுத்த முடியாது. ஃபெரைட் போட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லும் கடலோரத்துக்காரர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அடையாளம் எளிது. நீங்கள் பேசாதபோதும் போனில் கரகரப்பு இருக்கும். மழை பெய்தால் கூடும் அல்லது காணாமல் போகும். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும்போது விட்டு விட்டு வரும். வானிலையோடு மாறுகிற குறுக்கீடு என்றால் இணைப்பு என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் ஒரு இணைப்பு முழுதாகக் காய்வதற்குள் அடுத்தது வந்துவிடும். 2017 ஒக்கி புயலுக்குப் பிறகு அவசரத்தில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் இன்னும் சில விளைகளில் மரக்கிளை நடுவே தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. போன் லைனில் இரண்டு கம்பியும் ஒரே மாதிரி இருந்தால் இரண்டிலும் ஏறும் ரேடியோ சக்தி சமமாக இருக்கும், போனுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு கம்பியில் மட்டும் துரு, அல்லது ஈரத்தால் ஒரு கம்பி மட்டும் மண்ணுக்குக் கசிகிறது என்றால் அந்தச் சமநிலை கெட்டு, வித்தியாசம் சத்தமாக வரும்.

கம்பத்திலிருந்து வீடு வரையுள்ள வயர் உங்களுடையது இல்லை, ஏணி போட்டு ஏறாதீர்கள். லைன்மேனிடம் "ரேடியோ குறுக்கீடு" என்று சொன்னால் அவர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். "லைன்ல கரகரப்பு அண்ணே, மழைன்னா கூடுது, டிபி பெட்டியிலும் ஜாயின்டிலும் பாத்துத் தாங்க" என்று சொல்லுங்கள், அது அவர் தினமும் பார்க்கும் வேலை (டிபி என்பது லைன்கள் பிரியும் பெட்டி). முறுக்கி டேப் சுற்றாமல் ஜெல் நிரப்பிய கனெக்டர் போடச் சொல்லுங்கள். நடுவில் இணைப்பே இல்லாத புது டிராப் வயராக மாற்றித் தந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

நுழைவிடத்தில் மின்னல் தடுப்புக் குழாய் (அரெஸ்டர்) இருந்தால் அதையும் மாற்றிப் பாருங்கள். பல இடிகளைத் தாங்கிய அரெஸ்டர் பாதி பழுதாகி, அதுவே ரெக்டிஃபையர் ஆகிவிடுவது உண்டு. கழற்றிவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள், புதியதைப் போடுங்கள்.

6. வீட்டுக்குள் ஓடும் வயர்

உபயோகத்தில் இல்லாத வயர் எல்லாவற்றையும் பிரித்து எடுங்கள். போன் இல்லாத அறைக்குப் போகும் எக்ஸ்டென்ஷன் வயர் போனுக்கு உதவுவதில்லை, ஆன்டெனாவுக்கு மட்டும் உதவுகிறது. பிறகு சுவரோரம் ஆணி அடித்து ஓட்டிய, முறுக்கு இல்லாத தட்டையான வயரைப் பாருங்கள். அதற்குப் பதில் கேட்-5 (நெட்வொர்க்) கேபிளில் ஒரு ஜோடியை உபயோகியுங்கள். முறுக்கிய ஜோடியில் இரண்டு கம்பிக்கும் ஒரே அளவு சக்தி ஏறும், மேலே சொன்ன சமநிலை கிடைக்கும். ஜோடியை மாற்றிக் கட்டிவிடாதீர்கள்: நீலமும் நீலக்கோடு போட்ட வெள்ளையும் ஒரு ஜோடி. நீலத்தையும் ஆரஞ்சையும் எடுத்துக் கட்டினால் முறுக்கினால் வரும் பலன் முழுவதும் போய்விடும், லைன் மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும் என்பதால் தவறு தெரியவும் தெரியாது.

போன் வயரை கோஆக்ஸோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ஒரே ஜன்னல் ஓட்டை வழியாக இரண்டும் வருகிறது என்றால் ஒன்றுக்கு வேறு வழி பாருங்கள்.

7. இப்போதுதான் ஃபெரைட்

ஃபெரைட் எல்லாம் ஒன்றில்லை. எச்எஃப்புக்கு (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) மிக்ஸ் 31 என்ற கலவை முதல் தேர்வு. மிக்ஸ் 43 மேல் பேண்டுகளில் நன்றாக வேலை செய்யும், 80 மீட்டர் 40 மீட்டரில் கொஞ்சம் பின்தங்கும். மிக்ஸ் 61 அதற்கு மேலுள்ள விஎச்எஃப், யுஎச்எஃப் பக்கம். நாகர்கோவில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் கறுப்புக் கிளிப் எந்த மிக்ஸ் என்று விற்பவருக்கே தெரியாது. பெயர் போட்டு விற்கும் இடத்தில் ஆன்லைனில் வாங்குவது நல்லது, அல்லது நானோவிஎன்ஏ (சிறிய அளவீட்டுக் கருவி) வைத்திருக்கும் நண்பரிடம் அளந்து பாருங்கள்.

பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையைப் பிரித்தால் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு வளையம் கிடைக்கும், இலவசம் என்று அதில் சுற்றாதவர் இல்லை. அது ஃபெரைட் கிடையாது, இரும்புத் தூள் வளையம். இந்த வேலைக்கு உதவவே உதவாது. சிவப்பு வளையமும் அப்படியே.

ஒரு கிளிப்பை வயரில் மாட்டிவிடுவது ஒரு சுற்றுதான். எச்எஃப்பில் அது தரும் எதிர்ப்பு சில பத்து ஓம், இங்கே நமக்கு வேண்டியது ஆயிரக்கணக்கில். சுற்றின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் எதிர்ப்பு நான்கு மடங்கு, மூன்று மடங்காக்கினால் ஒன்பது மடங்கு. ஆகவே பத்து கிளிப் வாங்கி வரிசையாக மாட்டுவதைவிட ஒரு பெரிய வளையத்தில் பத்து சுற்று போடுவதுதான் புத்திசாலித்தனம், காசும் மிச்சம். 2.4 அங்குல மிக்ஸ் 31 வளையத்தில் போன் வயர் 12 முதல் 14 சுற்று போட்டால் 40 மீட்டருக்கு நன்றாக இருக்கும், 20 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் 8 முதல் 10. வயர் நடுத்துளைக்குள் எத்தனை முறை போகிறதோ அத்தனை சுற்று. நிறையச் சுற்றினால் நிறைய பலன் என்று 25 சுற்று போடாதீர்கள், சுற்றுகளுக்கு இடையே உள்ள கெபாசிட்டன்ஸ் கூடி மேல் பேண்டுகளில் சக்தி தாண்டிப் போய்விடும். எல்லா பேண்டும் வேண்டும் என்றால் இரண்டு வளையம், வேறு வேறு எண்ணிக்கையில், ஒன்றன்பின் ஒன்றாக.

வயரின் இரண்டு கம்பியும் சேர்ந்தேதான் வளையத்துக்குள் போக வேண்டும். அப்படிப் போனால் பேச்சு, டிஎஸ்எல் (போன் லைனில் ஓடும் பிராட்பேண்ட்) இரண்டும் ஒரு கம்பியில் போய் மற்றதில் திரும்புவதால் ஃபெரைட்டுக்கு அவை தெரியவே தெரியாது. இரண்டிலும் ஒரே திசையில் ஓடும் ரேடியோ சக்தியை மட்டும் அது மறிக்கும். உறையைப் பிரித்து ஒரு கம்பியை மட்டும் சுற்றினால் எல்லாம் கெடும்.

வளையத்தை போனுக்கு ஒட்டியே வையுங்கள். வளையத்துக்கும் போனுக்கும் நடுவே இரண்டு மீட்டர் வயர் கிடந்தால் அந்த இரண்டு மீட்டரும் புதிதாகச் சக்தியைப் பிடிக்கும். சுவர் பக்கம் போட்டுவிட்டு பலன் இல்லை என்று சொல்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஒரு நல்ல செய்தி. போனுக்குள் நடக்கும் ரெக்டிஃபிகேஷன் நேர்விகிதத்தில் நடப்பதில்லை. உள்ளே போகும் ரேடியோ சக்தியை 10 டெசிபல் குறைத்தால் கேட்கும் சத்தம் 20 டெசிபல் குறையும். 100 வாட்டிலிருந்து 25 வாட்டுக்கு இறங்கினால் ரேடியோ சக்தி 6 டெசிபல், போன் சத்தம் 12 டெசிபல். அதனால் முழுதாகத் தடுக்க வேண்டியதில்லை, ஒரு எல்லைக்குக் கீழே தள்ளிவிட்டால் காதுக்குக் கேட்காது.

8. போன் பெட்டியும் மோடமும்

லைன் வயரில் வளையம் போட்டும் கேட்டால் அடுத்தது ரிசீவர் வயர். சுருள் வயரும் நல்ல ஆன்டெனாதான். அதன் பெட்டிப் பக்க முனையில் பெரிய கிளிப்பில் 5, 6 சுற்று போடுங்கள். கார்ட்லெஸ் என்றால் பேஸ் பெட்டிக்கு இரண்டு வால்: லைன் வயர், அடாப்டர் வயர். ஒன்றில் மட்டும் போட்டால் சக்தி மற்றதன் வழியே வந்துபோகும், இரண்டிலும் போடுங்கள்.

இதற்கும் மசியாத போனை மாற்றிவிடுவதே மேல். போனைத் திறந்து கெபாசிட்டர் சால்டர் செய்கிற வைத்தியம் பழைய போன்களுக்குப் பொருந்தும்: 1 கிலோவோல்ட் தாங்கும் 0.001 முதல் 0.01 மைக்ரோஃபாரட் செராமிக், லைனின் இரண்டு கம்பிக்கும் குறுக்கே, மிகக் குட்டையான காலோடு. பிராட்பேண்ட் ஓடும் லைனில் இதைச் செய்தால் இன்டர்நெட் படுத்துவிடும்.

அந்த ஸ்பிளிட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிராட்பேண்ட் இணைப்போடு தரும் சின்னப் பெட்டி டிஎஸ்எல்லையும் பேச்சையும் பிரிப்பதற்கு. அது காமன் மோட் சக்தியைத் தடுக்க வடிவமைத்ததில்லை. இன்னொரு ஸ்பிளிட்டர் வாங்கி வரிசையில் மாட்டுவது வீண் செலவு.

பேசும்போது மோடம் தொடர்பு விட்டுப்போகிறதா? ஏடிஎஸ்எல்2+ வகை பிராட்பேண்ட் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரைதான், ஆகவே நேரடி மோதல் 160 மீட்டரோடு மட்டும், மற்ற பேண்டுகளில் மோடத்தின் முன்பகுதி தாங்க முடியாமல் திணறுவதால் வருவது. விடிஎஸ்எல்2-இன் 17ஏ வகை 17.6 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது, அதில் நம் 80, 40, 30, 20 மீட்டர் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. மருந்து ஒன்றுதான்: மோடத்தை ஒட்டி லைன் வயரில் வளையம், அடாப்டர் வயரில் ஒன்று, ஈத்தர்நெட் வயரில் ஒன்று. பிரௌசரில் திறக்கும் மோடத்தின் உள்பக்கத்தில் எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாங்கும் இடைவெளி), சிஆர்சி பிழை (தரவில் வந்த தவறு) எண்ணிக்கை இருக்கும். வளையம் போடும் முன்னும் பின்னும் அதைக் குறித்து வைத்தால் காதை நம்ப வேண்டியதில்லை.

9. எதிர்த்திசை: ரேடியோ ரிசீவரில் வரும் இரைச்சல்

இப்போது பல வீடுகளில் செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்துவிட்டது, போன் ஓஎன்டி (ஃபைபர் மோடம்) பெட்டியின் பின்னால் மாட்டப்படுகிறது. கண்ணாடி இழை ரேடியோவைப் பிடிக்காது, அது நிஜம். ஆனால் தொங்கும் சில டிராப் ஃபைபரில் தாங்குவதற்கு எஃகுக் கம்பி இருக்கும், அது பிடிக்கும். அதை வீட்டுக்கு வெளியே கொக்கியில் நிறுத்திவிட்டு இழையை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள்.

பெரிய தொல்லை அந்தப் பெட்டியின் அடாப்டர். ரிக்கை பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எஸ் மீட்டரை (ரிக்கில் சிக்னல் அளவு காட்டுவது) பாருங்கள். இன்வர்ட்டரையும் அணையுங்கள், அதை மறந்துவிட்டு "மெயின் ஆஃப் பண்ணியும் இரைச்சல் போகல" என்பவர்கள் உண்டு. இரைச்சல் குறைந்தால் அது உங்கள் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. பிறகு ஒவ்வொரு பிரேக்கராகப் போட்டு எந்த அறை என்று பிடியுங்கள், பேட்டரி ரேடியோவை அறைக்குள் கொண்டு போனால் எந்தப் பிளக் என்றே தெரிந்துவிடும்.

அடாப்டர் இரைச்சல் பேண்ட் முழுக்க சம இடைவெளியில், பல பத்து கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றாக, மெல்ல நகர்ந்தபடி ஒரு உறுமலாகக் கேட்கும். ஈத்தர்நெட் இரைச்சல் அப்படியில்லை, 14.030, 21.052 மெகாஹெர்ட்ஸ் பக்கம் நகராத விசில்களாக நிற்கும். முதலாவதற்கு அடாப்டரை மாற்றுங்கள், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய ரக 12 வோல்ட் சப்ளை நல்லது. அடாப்டர்தானா என்று உறுதி செய்ய ஓஎன்டியைக் கொஞ்ச நேரம் 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பார்க்கலாம், பெட்டியின் அடியில் எழுதிய வோல்ட்டேஜையும் பிளக்கின் நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்பதையும் பார்த்துவிட்டு. இரண்டாவதற்கு ஈத்தர்நெட் வயரின் இரு முனையிலும் வளையம், வயரைக் குட்டையாக்குவது, முடிந்தால் அந்த இணைப்பை வைஃபைக்கு மாற்றுவது.

10. பக்கத்து வீடு

உங்கள் வீட்டு போன் சுத்தமாகும்வரை அங்கே போகாதீர்கள். "எங்க வீட்டுல ஒண்ணுமில்ல அக்கா, நீங்களே வந்து கேளுங்க" என்று சொல்ல முடிந்தால்தான் மற்ற பேச்சு எடுபடும். "உங்க போன்தான் மட்டம்" என்று ஆரம்பிக்காதீர்கள். தொழில்நுட்பப்படி அது உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் அந்தப் பேச்சோடு வேலை நின்றுவிடும்.

எந்த நாள், எத்தனை மணிக்குக் கேட்டது என்று ஒரு தாளில் குறிக்கச் சொல்லுங்கள். உங்கள் லாக் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். நேரம் பொருந்தாவிட்டால் தொல்லை உங்களுடையது இல்லை, கோயில் கொடைக்கோ குருசடித் திருவிழாவுக்கோ போட்ட மைக் செட்டின் உறுமல்கூட சில சமயம் உங்கள் தலையில் விழும், ஆன்டெனா கண்ணுக்குத் தெரிகிறதே. பொருந்தினால் அவர்கள் வீட்டிலும் படி 4, அதே வரிசை.

அவர்கள் போனைத் திறக்காதீர்கள், சால்டர் வேண்டவே வேண்டாம். நாளை அது வேறு காரணத்துக்காகக் கெட்டாலும் பழி உங்கள் மேல் வரும். வெளியே வயரில் சுற்றும் வளையம் மட்டும். இரண்டு முனையிலும் ஆர்ஜே11 வைத்து, வளையத்தில் சுற்றிய வயர் இரண்டு மூன்று முன்பே தயாரித்து வைத்துக்கொண்டால் ஒரு நிமிடத்தில் மாட்டிவிடலாம். அதன்மேல் உங்கள் பெயரும் போன் எண்ணும் எழுதி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை வரும் லைன்மேன் இது என்ன கழுத்துமாலை என்று கழற்றிப் போட்டுவிடுவார்.